பிள்ளை பிறந்த பிறகு உதிரப்போக்கும் மாதவிடாயும்: தாய்மாரும் வீட்டாரும் அறிய வேண்டியவை



பெரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் தாய்மார் என்னிடம் மெதுவான குரலில் கேட்கும் கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, "பிள்ளை பிறந்து இத்தனை நாளாச்சு, இன்னும் உதிரம் போகுது, இது சரியாங்க?" என்பது. மற்றது, "பிள்ளைக்கு நாலு மாசமாச்சு, இன்னும் தீட்டு வரல்ல, வராத வரைக்கும் பயமில்லைதானே?" என்பது.

முதலாவது கேள்வியைக் கேட்காமல் மனதுக்குள் மறைத்து வைத்தால் சில வேளை தாயின் உயிருக்கே ஆபத்து வரும். இரண்டாவது கேள்விக்குப் பக்கத்துக் காம்பராவில் கிடைக்கும் தவறான பதிலை நம்பினால், கைப்பிள்ளை நடக்கு முன்பே அடுத்த பிள்ளை வயிற்றில் வந்து விடும். ஆகவே இந்த இரண்டையும் வெட்கப்படாமல் தெரிந்து கொள்வோம். வாசிக்கத் தெரியாத அம்மா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

கர்ப்ப காலத்தில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தது நச்சுக்கொடி. அது கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டிக் கொண்டிருந்தது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்று விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அளவு புண்ணாக இருக்கும். அந்தப் புண்ணிலிருந்துதான் உதிரம் வருகிறது. கர்ப்பப்பை இறுகிச் சுருங்கும்போது அந்த இரத்தக் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். பிள்ளை பிறந்தவுடன் ஏறக்குறைய 1 கிலோ எடை இருந்த கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் குறைந்து பழைய அளவுக்கு வந்து விடுகிறது.

கர்ப்பப்பை நன்றாகச் சுருங்குவதற்கு இரண்டு காரியங்கள் உதவும். ஒன்று, பிள்ளைக்குப் பால் கொடுப்பது. பிள்ளை சப்பும்போது தாயின் உடம்பில் ஒக்சிடோசின் என்ற ஓமோன் சுரக்கிறது. அதுதான் கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுப்பதும், கொஞ்சம் கூடுதலாக உதிரம் வருவதும் இதனால்தான். இரண்டாவது, சிறுநீரை அடக்காமல் இருப்பது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்க முடியாது. கக்கூசு லயத்துக்குத் தள்ளி இருக்கிறது, ராத்திரி குளிர், மழை என்று பல தாய்மார் விடியும் வரை அடக்கிக் கொண்டு படுத்திருக்கிறார்கள். இது கூடாது. ராத்திரியில் கணவரோ மாமியாரோ டோர்ச் பிடித்துத் துணைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயே ஒரு வாளி வைத்துக் கொடுங்கள்.

முதல் ஆறு வாரம் உதிரம் எப்படி மாற வேண்டும்?

முதல் 3, 4 நாட்கள் நல்ல சிவப்பாக, கூடுதலாகப் போகும். சின்னச் சின்னக் கட்டிகளும் வரலாம். அதன் பிறகு ஏறக்குறைய பத்தாம் நாள் வரை நிறம் வெளிறி, கபில நிறமாகவோ ரோஸ் நிறமாகவோ இருக்கும். அளவும் குறையும். அதற்குப் பிறகு மஞ்சள் கலந்த வெள்ளையாகப் படும். இது நாலு முதல் ஆறு வாரத்தில் நின்று விடும். ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்த தாய்க்கும் இப்படித்தான். பிள்ளையை வயிற்றால் எடுத்தாலும் நச்சுக்கொடி இருந்த புண் அதே புண்தானே.

இடையில் 7 முதல் 14 நாளுக்குள் ஒரு தடவை திடீரென்று சிவப்பாகக் கொஞ்சம் போகக் கூடும். புண்ணின் பொருக்கு உதிர்வதால் அப்படி வரும். ஓரிரு மணித்தியாலத்தில் குறைந்து விட்டால் பயமில்லை. பாரம் தூக்கினாலும், தண்ணீர்க்குடம் சுமந்தாலும் சிவப்பு திரும்பும். "இன்னும் ஓய்வு போதாது" என்று உடம்பு சொல்லும் செய்தி அது.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நிறம் சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போக வேண்டும், அளவு கூடுதலிலிருந்து குறைவுக்குப் போக வேண்டும். இந்த வழியில் போனால் நல்லது. திரும்பி வந்தால் கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றினோம் என்று எண்ணி வையுங்கள் என்கிறேன். "நிறையப் போச்சு" என்று சொல்வதை விட "நேற்று 4 துணி, இன்றைக்கு 9 துணி" என்று சொன்னால் மிட்வைப் அம்மாவுக்கு உடனே விளங்கும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

1. ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணியோ நாப்கினோ முழுதாக நனைந்து, மாற்றிய பிறகும் அப்படியே நனைவது.
2. கோழி முட்டை அளவில் அல்லது அதை விடப் பெரிய கட்டிகள் விழுவது.
3. குறைந்து வெளிறிய உதிரம் மறுபடி நல்ல சிவப்பாகி, நிற்காமல் போவது.
4. கெட்ட நாற்றம், காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றில் தொட முடியாத நோவு.
5. தலைச்சுற்று, கண் இருட்டுவது, நெஞ்சு படபடப்பு, கை கால் சில்லிட்டு வியர்ப்பது.

நச்சுக்கொடியில் ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும், கர்ப்பப்பையில் கிருமி தொற்றினாலும் இப்படி வரும். ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாக வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரலாம். "கெட்ட ரத்தம் போகட்டும், போனால்தான் வயிறு சுத்தமாகும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பாசத்தால் சொல்கிறார்கள். ஆனால் உதிரத்தில் கெட்டது நல்லது என்று ஒன்றும் இல்லை. போவது தாயின் சொந்த இரத்தம்.

விடியட்டும், லொறி வரட்டும், துரையிடம் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் செய்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேல் டிவிசனுக்கு வண்டி ஏற முடியாத பாதை என்றால், தாயைப் பாதை வரை தூக்கி வர நாலு பேரை அந்த நேரத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள். வழியில் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம். அதுவும் கர்ப்பப்பையைச் சுருக்கும்.

துணியும் சுத்தமும்

நம்முடைய மலைப்பகுதியில் பனியும் மழையும் அதிகம். தீட்டுத்துணியை யாரும் பார்க்கக் கூடாது என்று பாயின் கீழும் அடுப்படி மூலையிலும் காய வைக்கிறோம். அரைகுறையாகக் காய்ந்த துணியில் கிருமி வளரும். பிள்ளை பெற்ற நாட்களில் உள்ளே புண் இருப்பதால் அது நேராக உள்ளே போய்ச் சேரும். துணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயப் போடுங்கள். வெட்கமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய சீலையைப் போட்டு மூடலாம். வெயில் இல்லாத நாளில் ஸ்திரிக்கைப் பெட்டி போட்டு எடுங்கள். நாப்கின் பாவிப்பவர்கள் நாலு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். ஆறு வாரம் வரை உள்ளே எதையும் வைத்து அடைக்கக் கூடாது.

ஓமோன் குறையும்போது உடம்பும் மனசும்

ஓமோன் என்பது உடம்புக்குள் இரத்தத்தோடு ஓடி, ஒவ்வோர் உறுப்புக்கும் கட்டளை சொல்லும் ஒரு சாறு. கர்ப்பத்தில் ஈஸ்திரஜன், புரொஜெஸ்தரோன் என்ற இரண்டு ஓமோன்களை நச்சுக்கொடியே பெருவாரியாகச் சுரந்து கொண்டிருந்தது. அது வெளியே வந்ததும் இந்த இரண்டும் சில நாட்களுக்குள் சடாரென்று இறங்கி விடுகின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவது போலத்தான். அதனால் ராத்திரியில் உடுப்பு நனைய வியர்க்கும். மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் அளவில் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். மூன்று நாலு மாதத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். பால் கொடுக்கும் காலத்தில் பெண்ணுறுப்பு வறண்டு எரிவும் இருக்கலாம். இவை நோய் அல்ல. கொட்டிய முடி ஒரு வருடத்துக்குள் திரும்ப வளரும்.

ஆனால் அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்தைத் தாண்டினால், தூக்கம் வராவிட்டால், பிள்ளையைத் தூக்கவே மனம் வராவிட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அது மருந்தால் குணமாகும் வருத்தம். "சோம்பல்" என்றும் "பேய் பிடித்தது" என்றும் சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். மிட்வைப் அம்மாவிடமோ டாக்டரிடமோ கொண்டு போங்கள். 1926 என்ற இலக்கத்திலும் மனநல உதவி கேட்கலாம். தாய் தனக்கோ பிள்ளைக்கோ ஏதும் செய்து கொள்வாள் என்று பயம் வந்தால் அவளைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மாதவிடாய் எப்போது திரும்பும்?

பிள்ளை சப்பும்போது புரோலக்டின் என்ற இன்னோர் ஓமோன் சுரக்கிறது. அதுதான் பாலை உண்டாக்குவது. பிள்ளை அடிக்கடி சப்பிக் கொண்டிருக்கும் வரை, மாதா மாதம் முட்டை வெளியாகும் வேலை அடங்கியிருக்கும். குறிப்பாக ராத்திரியில் பால் கொடுக்கும்போது இந்த ஓமோன் கூடுதலாகச் சுரக்கும். அதனால் பகலும் ராத்திரியும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்க்குப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், தீட்டு வராது. பால் கொடுக்காத தாய்க்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்பி விடுவது வழக்கம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். தீட்டு வராத வரைக்கும் பயமில்லையா?

பயமுண்டு, தாய்மாரே. முட்டை வெளியாவது முதலில், தீட்டு வருவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. முதல் தீட்டு வருவதற்கு முன்னமேயே ஒரு முட்டை வெளியாகி இருக்கலாம். அந்த நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்தால் கர்ப்பம் தங்கி விடும். பிறகு தீட்டு வராது. "பால் கொடுக்கிறதால வரல்ல" என்று தாய் நினைத்துக் கொண்டிருப்பாள். வயிறு அசையும்போதுதான் விளங்கும். பால் கொடுக்காத தாய்க்கு நாலாவது வாரத்திலேயே முட்டை வெளியாகக் கூடும்.

தாய்ப்பால் மட்டும் கர்ப்பத்தைத் தடுக்க வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

1. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும்.
2. பகலும் ராத்திரியும் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும். தேத்தண்ணி, பால்மா, சீனித்தண்ணி ஒன்றும் கூடாது.
3. மாதவிடாய் திரும்பி வராமல் இருக்க வேண்டும். முதல் எட்டு வாரத்துக்குள் போகும் உதிரத்தை மாதவிடாய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் 100 தாய்மாரில் 98 பேருக்கு மேல் அந்த ஆறு மாதத்தில் கர்ப்பம் தரிப்பதில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

மலைக்கு வேலைக்குத் திரும்பும் தாய்

நம் தோட்டத்துத் தாய்மார் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. 2018ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் எடுத்தால், பிள்ளை பிறந்து பத்து வாரத்தில் கூடையைத் தூக்கிக் கொண்டு மலைக்குப் போகிறோம். பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம் கூட இல்லை. பிள்ளை மடுவத்தில் விட்டு, காலை ஏழரைக்கு ஏறினால் பகல் வரை பால் கொடுப்பதில்லை. மடுவத்தில் ஆயா போத்தல் பால் கொடுப்பாள். சப்புவது குறைந்ததும் புரோலக்டின் குறைகிறது. முட்டை வெளியாக வழி திறந்து விடுகிறது. மேலே சொன்ன இரண்டாவது நிபந்தனை அன்றைக்கே உடைந்து போகிறது. ஆகவே வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முன்பே குடும்பத் திட்ட முறை ஒன்றைத் தொடங்கி விடுங்கள். அதைப் பேச வேண்டிய நேரம் ஆறாவது வாரக் கிளினிக்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை வேலை நேரத்தில் நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்கப் போகத் தாய்க்குச் சட்டப்படி உரிமை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கங்காணிமாரும் வேலை காட்டும் ஐயாமாரும் இதைச் சலுகையாக நினைக்கக் கூடாது. தூர மலையாக இருந்தால் பால் கொடுக்கும் தாய்க்கு மடுவத்துக்குக் கிட்டிய மலையில் வேலை கொடுத்தால் பிள்ளைக்கும் நல்லது, கொழுந்துக்கும் நட்டமில்லை.

ஒரு பிள்ளை பிறந்து, அடுத்த கர்ப்பம் தரிக்க ஆகக் குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். உடம்பில் இழந்த இரத்தமும் சத்தும் திரும்பச் சேர அவ்வளவு காலம் வேண்டும்.

குடும்பத் திட்ட முறையும் உதிரப்போக்கும்

முறையைத் தெரிவு செய்வது தாயும் கணவரும். டாக்டரும் மிட்வைப் அம்மாவும் எது பொருந்தும் என்று சொல்வார்கள். இங்கே உதிரப்போக்கு எப்படி மாறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மூன்று மாத ஊசி: தீட்டு ஒழுங்கில்லாமல் வரும், சொட்டுச் சொட்டாகப் படும், நாள் போகப் போக நின்றும் விடலாம். "ரத்தம் உள்ளே கட்டிக் கிடக்கிறது" என்று பயப்பட வேண்டாம். கர்ப்பப்பையின் உட்தோல் மெல்லிதாக இருப்பதால் வெளியே வர ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஊசியை நிறுத்திய பிறகு தீட்டும் கர்ப்பமும் திரும்பப் பல மாதம் ஆகலாம்.

கையில் வைக்கும் குச்சி: ஊசியைப் போலவே தீட்டு முன்பின்னாக வரும்.

லூப்: முதல் சில மாதம் தீட்டு கூடுதலாகவும் நோவாகவும் இருக்கலாம். இரத்தம் குறைந்த தாய் இதை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை: தினமும் விழுங்கும் சாதாரண மாத்திரை முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றதல்ல. கடையில் தானாக வாங்கக் கூடாது.

கருத்தடை ஆபரேஷன்: குழாயை மட்டும்தான் கட்டுகிறார்கள். ஓமோன் சுரக்கும் உறுப்பில் கை வைப்பதில்லை. தீட்டு வழமை போல வரும்.

இரத்தம் குறைந்த தாய்

கர்ப்பத்திலேயே இரத்தம் குறைவாக இருந்த தாய்க்குப் பிரசவ உதிரம் கொஞ்சம் கூடிப் போனாலும் தாங்காது. பிறகு முதல் தீட்டுகளும் கூடுதலாகப் போனால் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், கண்ணும் நகமும் வெளிறும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சொன்ன காலம் வரை விழுங்குங்கள். தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. சோற்றுக்குப் பிறகும் ஒரு மணித்தியாலம் கழித்தே தேத்தண்ணி குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, பருப்பு, நெத்தலி, முட்டை, ஈரல் கிடைக்கும்போது முதல் பங்கு தாய்க்கு. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் மரக்கறியையும் குறைப்பது தாயைக் கெடுக்கும்.

தாய்மார் கேட்கும் வேறு கேள்விகள்

தீட்டு வந்தால் தாய்ப்பால் கெட்டு விடுமா?
இல்லை. ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறைவது போல இருக்கலாம். பிள்ளைக்குத் தொடர்ந்து கொடுங்கள், சரியாகி விடும்.

முதல் தீட்டு பழையபடி இல்லையே?
முதல் சில மாதம் முன்பின்னாக வரும், கூடியும் குறைந்தும் போகும். ஏழு நாளைத் தாண்டிப் போனாலும், ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனைந்தாலும் காட்ட வேண்டும்.

பால் நிறுத்தி மூன்று மாதமாகியும் தீட்டு வரவில்லை?
முதலில் கர்ப்பமா என்று சோதியுங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். தைரொயிட் கோளாறாக இருக்கலாம். பிரசவத்தில் மிக அதிகமாக இரத்தம் இழந்த தாய்க்குப் பாலே சுரக்காமல், தீட்டும் வராமல், எப்போதும் குளிர், களைப்பு என்று இருந்தால், பிரசவத்தில் நடந்ததைத் தவறாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மூளைக்கு அடியில் உள்ள ஓமோன் சுரப்பி அந்த இரத்த இழப்பால் பாதிக்கப்பட்டிருக்கலாம். வருடங்கள் கழித்தும் அது தெரிய வரும். மருந்து உண்டு.

வீட்டாருக்கு

மிட்வைப் அம்மா முதல் பத்து நாளில் வீட்டுக்கு வரும்போது அவரைத் திண்ணையில் வைத்துப் பேசி அனுப்பாதீர்கள். தாயோடு தனியே பேச இடம் கொடுங்கள். ஒரே காம்பராவில் எல்லோரும் இருக்கும் வீட்டில், ஆண்கள் சற்று நேரம் வாசலுக்குப் போனால் போதும். மாமியார் முன்னால் வாய் திறக்காத மருமகள் தனியே இருந்தால் சொல்லுவாள். தீட்டு என்று சொல்லித் தாயை மூலையில் ஒதுக்கி வைக்கும் வீடுகளில், அவளுக்கு எவ்வளவு உதிரம் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போகிறது. முப்பதாம் நாள் தீட்டுக் கழிப்பது உங்கள் வழக்கம் என்றால் செய்யுங்கள். ஆனால் அந்த முப்பது நாளும் தினமும் ஒருவர் அவளிடம் "இன்றைக்கு எத்தனை துணி, என்ன நிறம்?" என்று கேட்க வேண்டும். கணவரே கேட்டால் இன்னும் நல்லது.

இந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த பிள்ளைப்பேறு உங்கள் லயத்தில் எந்த வீட்டில் நடந்தாலும் அந்த வீட்டுக்கும் உதவும்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்